மறுவெளியீட்டு மின்கிட்டாரைச் சோதிப்பதும் மாற்றுவதும்: டர்பனில் புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் கல்யாண மண்டபக் குழுக்களிலோ கோயில் பஜனைகளிலோ வாசிக்கத் தொடங்கும் இளைஞர்கள் முதல் நல்ல மின்கிட்டாரைத் தேடும்போது, 1950களின் வடிவத்தை அப்படியே பின்பற்றும் மறுவெளியீட்டுக் கிட்டார்களே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. வளைந்த உடற்பகுதி, கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் மூன்று ஒற்றைச் சுருள் பிக்அப்கள், பழுப்பு நிறச் சாயல், பழங்காலப் பித்தான்கள் எனத் தோற்றம் மயக்குகிறது. இந்தக் கட்டுரை அவற்றுள் ஸ்ட்ராடோகாஸ்டர் வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்குமுன் எதைச் சோதிக்க வேண்டும், வாங்கிய பின் எதை, எந்த வரிசையில் மாற்றலாம் என்பதை விளக்குகிறது.

மறுவெளியீடு என்பதன் பின்னணியை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ராடோகாஸ்டரை 1954இல் வெளியிட்டது. 1965இல் அந்நிறுவனம் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்கு மாறிய பின் வந்த கிட்டார்களைவிட அதற்கு முந்தியவையே மேலானவை என்ற எண்ணம் வாசிப்பவர்களிடையே பரவியது. பழையவற்றின் விலை ஏறியதும், 1982இல் அந்நிறுவனமே 1957, 1962 ஆண்டுகளின் ஸ்ட்ராடோகாஸ்டரையும் தன் மற்றொரு கிட்டாரான டெலிகாஸ்டரின் 1952 வடிவத்தையும் பழைய அளவுகளில் மீண்டும் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில் ஜப்பானிலும் ஸ்குவையர் என்ற பெயரில் அவ்வகைக் கிட்டார்கள் உருவாயின. இன்று பல நாடுகளில், பல விலைகளில் இவை வருகின்றன. பழைய கிட்டாரின் சிறப்புகளோடு அதன் அசௌகரியங்களையும் மறுவெளியீடு சேர்த்தே கொண்டுவருகிறது. அந்த அசௌகரியங்களுள் எவை உங்கள் வாசிப்புக்குத் தடை, எவை வெறும் பழக்கக் குறைவு என்று பிரித்தறிவதற்கு முன் எதையும் கழற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. விளம்பரத்தைப் பார்த்துப் பிக்அப்பை மாற்றிவிட்டு, பிறகு கம்பியின் உயரம்தான் சிக்கல் என்று கண்டுபிடிப்பவர்கள் மிக அதிகம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமலேயே முதல் கால் மணி நேரம் வாசிக்க வேண்டும். இணைத்துவிட்டால் எதிரொலியும் ஓசைப் பெருக்கமும் மரத்தின் குறைகளை மறைத்துவிடும். ஒவ்வொரு கம்பியிலும், விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்களில் முதலாவதிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு சுரமாக மீட்டி, எங்கேனும் ஒலி சட்டென்று அணைகிறதா, அதிர்ந்து உரசுகிறதா என்று கேளுங்கள். பிறகு உள்ளங்கையை விரற்பலகையின் இரு ஓரங்களிலும் மேலும் கீழுமாக ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் பலகை உலர்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, கிட்டாரின் அடிப்பக்கத்திலிருந்து தலைப்பகுதியை நோக்கிக் கண்ணை ஓட்டி, மெல்லிய முதல் கம்பியும் தடித்த ஆறாம் கம்பியும் விரற்பலகையின் இரு ஓரங்களிலிருந்தும் ஏறக்குறைய சம தொலைவில் செல்கின்றனவா என்று பாருங்கள். முதல் கம்பி ஓரத்தை ஒட்டி ஓடி, மேல் ஃப்ரெட்களில் விரலை அழுத்தும்போது வெளியே நழுவினால், கழுத்து உடலோடு சேரும் குழியில் சற்றுக் கோணலாக அமர்ந்திருக்கிறது. நான்கு திருகுகளையும் சிறிது தளர்த்தி, கழுத்தைக் கையால் நேராக்கி மீண்டும் இறுக்கினால் பல நேரங்களில் இது சரியாகிவிடும். ஆனாலும் கடைக்காரரே உங்கள் முன்னிலையில் அதைச் செய்து காட்டட்டும்.

ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் முதல் வேலை பாடல் வாசிப்பதன்று. ஒவ்வொரு பித்தானையும் முழுக்கத் திருப்பி, கரகரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். ஒரு சிறிய இரும்புத் திருப்புளியால் ஒவ்வொரு பிக்அப்பின் காந்தத் தண்டையும் மெல்லத் தொட்டு, தேர்வுச் சுவிட்ச் எந்த நிலையில் எந்தப் பிக்அப்பை இயக்குகிறது என்று அறியுங்கள். தொழிற்சாலையிலிருந்து ஐந்து நிலைச் சுவிட்ச் பொருத்தப்பட்டு வந்தது 1977 முதல்தான். அதற்கு முந்திய வடிவங்களில் இருந்தது மூன்று நிலைச் சுவிட்ச். எனவே நேர்மையான மறுவெளியீடுகள் சிலவற்றில் மூன்று நிலையே இருக்கும். பெட்டியில் ஐந்து நிலைச் சுவிட்ச் தனியாகக் கிடைப்பதும் உண்டு. தமிழ்த் திரைப்பாடல்களின் தாளக் கிட்டார் பகுதிகளை வாசிப்பவருக்கு இரு பிக்அப்கள் சேர்ந்து ஒலிக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு நிலைகளின் மெல்லிய, உள்வாங்கிய ஒலி பெரிதும் தேவைப்படும். ஆகவே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பூச்சைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்று எழுதியிருந்தாலும், அதன் அடியில் தடித்த பாலியெஸ்டர் அடித்தளம் இருக்கலாம். ஒலியில் அதனால் பெரிய வேறுபாடு எழும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நைட்ரோ லாக்கர் ரப்பரோடும் சில வகைப் பிளாஸ்டிக் வார்களோடும் வேதிவினை புரிந்து மென்மையாகிவிடும் என்பது உண்மை. அப்படிப்பட்ட கிட்டாரை டர்பன் கோடையில் ரப்பர் பூண் வைத்த நிலைத்தாங்கியில் விட்டுவைத்தால் தாங்கி பட்ட இடத்தில் நிரந்தரத் தழும்பு விழும். தாங்கியில் பருத்தித் துணியைச் சுற்றி வைத்தால் போதும்.

வாங்கும் உரிமை குறித்து இரண்டு வரிகள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடையில் வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால் ஆறு மாதங்களுக்குள் பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ பணமோ கேட்கலாம். இணையத்தில் வாங்கியதைப் பொதுவாக ஏழு நாள்களுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பித் தரும் உரிமையும் உண்டு. தனி நபரிடம் பழைய கிட்டார் வாங்குபவர் இவற்றை நம்ப முடியாது. ஆகவே மேற்கண்ட சோதனைகளை அங்கே இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

முதலில் பருவநிலை, பிறகு அமைப்பு

டர்பனின் கோடையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஜோகன்னஸ்பர்க்கின் குளிர்காலமோ எலும்பு வரை உலர்ந்தது. அந்நகரின் லெனேசியாவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போகும் டர்பன் கிட்டார், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்திலுள்ள அந்த வறண்ட காற்றில் சில நாள்கள் இருந்தாலே கழுத்தின் வளைவு மாறுவதைக் காணலாம். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்த கிட்டாரை உடனே சீர்செய்யாமல், பெட்டியைத் திறந்து வைத்து ஒரு வாரமாவது வீட்டின் காற்றுக்குப் பழகவிட வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று, கம்பிகளைக் கீழ்முனையில் தாங்கும் சிறு துண்டுகளான சாடில்களின் திருகுகளையும் காந்தத் தண்டுகளையும் துருப்பிடிக்கச் செய்யும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதும், சாடில் திருகுகளில் மிகச் சிறிய அளவு எந்திர எண்ணெய் இடுவதும் பலன் தரும்.

அமைப்பு வேலைக்கு நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், மில்லிமீட்டர் அளவுகோல், கம்பிகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ, பொருத்தமான திருப்புளிகள், சுருதியைக் காட்டும் டியூனர் கருவி ஆகியவை போதும். நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தப்போகும் தடிமனுள்ள புதிய கம்பிகளை மாட்டிச் சுருதி சேர்த்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். பின்வரும் வரிசை முக்கியம். ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும் என்பதால் பின்னிருந்து முன்னே போக முடியாது.

முதலில் கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி, ஆறாம் கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி, எட்டாம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். குறுக்கே 184 மி.மீ. ஆரத்தில் வளைந்த பழைய விரற்பலகைக்கு அந்த இடைவெளி சுமார் 0.3 மி.மீ. இருப்பது நல்லது, அதைவிடத் தட்டையான 241 மி.மீ. ஆரத்துக்கு 0.25 மி.மீ. போதும். இடைவெளி அதிகமானால் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும். மறுவெளியீடுகளில் இங்கேதான் முதல் அசௌகரியம் வருகிறது. டிரஸ் ராடின் திருகு தலைப்பகுதியில் இல்லாமல் கழுத்தின் அடியில், உடலோடு சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும். கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தின் நான்கு திருகுகளையும் கழற்றி, எட்டில் ஒரு சுற்று திருப்பி, மீண்டும் எல்லாவற்றையும் பொருத்திச் சுருதி சேர்த்து அளக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஒரே முறையில் அரைச் சுற்று திருப்பி விடுகிறார்கள்; அது தவறு. அழுத்தம் கூடுதலாக வேண்டியிருப்பதாக உணர்ந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, கருவிகள் செய்பவரிடம் கொண்டுபோவதே மேல்.

அடுத்து கம்பியின் உயரம். பதினேழாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 மி.மீ. என்பது 184 மி.மீ. ஆரத்துக்கான நல்ல தொடக்கம். இடையிலுள்ள கம்பிகளை விரற்பலகையின் வளைவைப் பின்பற்றும்படி சாடில்களில் உயர்த்துங்கள். அதன் பிறகு சுருதித் துல்லியம்: பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் எழும் ஹார்மோனிக் ஒலியையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும் ஒலியையும் ஒப்பிட்டு, அழுத்திய ஒலி கூடினால் சாடிலைப் பின்னுக்கும், குறைந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும்.

கமகமும் விரற்பலகையின் வளைவும்

இந்தப் பகுதிக்குச் சற்றுக் கூடுதலாக இடம் தருகிறேன், ஏனெனில் மேற்கத்திய வழிகாட்டிகள் நம் வாசிப்பை மனத்தில் வைத்து எழுதப்படவில்லை. பஜனைப் பாடலையோ திரைப்பாடலின் ராகத்தையோ கிட்டாரில் வாசிப்பவர் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தே கமகங்களைப் பெறுகிறார். ஒரு முழுச் சுரம், சில நேரங்களில் ஒன்றரைச் சுரம்வரை இழுக்க நேரும். 184 மி.மீ. ஆரம் நன்கு உருண்ட வளைவு. கம்பியை ஓரத்திலிருந்து பலகையின் நடுவை நோக்கித் தள்ளும்போது அது மேட்டின் மேல் ஏறி, அடுத்தடுத்த ஃப்ரெட்களுக்கு மிக அருகே வந்துவிடுகிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் முதல் இரு கம்பிகளை நீளமாக இழுத்தால் சுரம் பாதியில் மடிந்துபோவது இதனால்தான். கடையிலேயே பன்னிரண்டு முதல் பதினேழு வரையிலான ஃப்ரெட்களில் இதைச் சோதிக்க வேண்டும்.

தீர்வுகள் மூன்று. முதல் கம்பிகளின் உயரத்தைச் சற்றுக் கூட்டுவது செலவில்லாதது, 1.8 மி.மீ. வரை பலருக்கும் விரல் பழகிவிடும். இரண்டாவது, மேல் ஃப்ரெட்களின் நடுப்பகுதியைத் தேர்ந்த கருவி வல்லுநரிடம் கொடுத்துச் சற்றுத் தட்டையாக்கிச் சமன்செய்வது. இது நல்ல பலன் தரும், ஆனால் எடுத்த உலோகம் திரும்பாது. மூன்றாவது, வாங்கும்போதே தோற்றத்தில் பழையதும் விரற்பலகையில் 241 மி.மீ. ஆரமுள்ளதுமான வடிவத்தைத் தேர்வது. ராக வாசிப்பே முதன்மை எனில் மூன்றாவதையே நான் பரிந்துரைப்பேன். கழுத்தின் முதல் ஃப்ரெட்களில் கார்டுகள் பிடிப்பவருக்கோ உருண்ட வளைவு கைக்கு மிக இதமாக இருக்கும்.

சாடில்கள் அமர்ந்திருக்கும் பிரிட்ஜும் இதே கேள்விக்கு உட்பட்டது. ஆறு திருகுகளால் நின்று, கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்க உதவும் டிரெமலோ பிரிட்ஜை, பின்புறம் சுமார் 3.2 மி.மீ. உயர்ந்து மிதக்கும்படி அமைப்பதே தொழிற்சாலை முறை. அப்படி மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இழுத்தால் மற்ற கம்பிகளின் சுருதி இறங்கும். கீழே சுருதிக் கம்பியை மீட்டியபடி மேலே கமகம் வாசிப்பவருக்கு இது பெருந்தொல்லை. உடலின் பின்பக்கக் குழியிலுள்ள ஸ்பிரிங்குகளைத் தாங்கும் உலோகத் தகட்டின் இரு திருகுகளையும் இறுக்கி, தேவையெனில் மூன்று ஸ்பிரிங்குகளை ஐந்தாக்கி, பிரிட்ஜை உடலோடு ஒட்டி அமர்த்திவிட்டால் சிக்கல் தீரும். கைப்பிடியால் கீழ்நோக்கி அசைக்கும் வசதி அப்போதும் இருக்கும், மேல்நோக்கி இழுப்பது மட்டும் போய்விடும்.

மின்பகுதியில் செய்யத் தகுந்தவை

அமைப்பு முடிந்த கிட்டாரைக் குறைந்தது ஒரு மாதம் மேடையிலும் வீட்டிலும் வாசித்த பிறகே சால்டரிங் அயர்னைக் கையில் எடுங்கள். அதற்கும் முன், காசில்லாத ஒரு திருத்தம் உண்டு: பிக்அப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தியபடி, காந்தத் தண்டின் உச்சியிலிருந்து ஆறாம் கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 2 மி.மீ. என்று வைத்துத் தொடங்குங்கள். இதைவிட நெருங்கினால் அல்னிக்கோ காந்தங்களின் இழுப்பு கம்பியின் அதிர்வைக் குலைத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி சேராத அலையொலியைத் தரும். பழைய வடிவப் பிக்அப்களில் மூன்றாம் கம்பியின் காந்தத் தண்டு உயர்ந்து நிற்பதையும் கவனியுங்கள். அக்காலத்து மூன்றாம் கம்பி உலோக இழை சுற்றிய சுற்றுக்கம்பியாக இருந்ததால் அந்த ஏற்பாடு. இன்றைய வெறுங்கம்பியில் அது உரத்து ஒலிக்கும். அந்தத் தண்டை ஒருபோதும் சுத்தியால் தட்டி உள்ளே தள்ளாதீர்கள். நூலிழைக் கம்பிச் சுருள் அறுந்துவிடும்.

பிக்அப்பின் நலத்தை அறிய மல்டிமீட்டர் போதும். ஒலிப் பித்தானை முழுக்கத் திறந்து, கிட்டாரில் செருகிய கேபிளின் மறுமுனையில் அளந்தால் ஒவ்வொரு நிலையின் மின்தடை தெரியும். 1950களின் பாணிப் பிக்அப்கள் பொதுவாக 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டும். 6 கிலோ ஓம் சுருள், ஒலிப் பித்தானின் 250 கிலோ ஓம் மின்தடையோடு இணையாக இருப்பதால் ஏறக்குறைய 5.86 என்றே தெரியும், அது குறையன்று. அளவே காட்டவில்லை என்றால்தான் சுருளோ இணைப்போ அறுந்திருக்கிறது.

என் பார்வையில் முதலில் செய்யத் தகுந்த மின்மாற்றம் மிக எளியது. பழைய இணைப்பு முறையில் கழுத்துப் பக்கப் பிக்அப்புக்கு ஒரு டோன் பித்தானும் நடுப் பிக்அப்புக்கு ஒன்றும் உண்டு. பிரிட்ஜ் பக்கப் பிக்அப்புக்கு எதுவுமில்லை, அதனால் அதன் ஒலி காதைக் கிழிக்கும். சுவிட்சில் நடுப் பிக்அப்பின் டோன் முனையிலிருந்து பிரிட்ஜ் பிக்அப்பின் வெறும் முனைக்கு ஒரு சிறு மின்கம்பியைப் பற்றவைத்தால், இரண்டாம் டோன் பித்தான் இரண்டுக்கும் வேலை செய்யும். பித்தானை முழுக்கத் திறந்து வைத்தாலும் ஒலியின் கூர்மை சிறிது தணியும், நான் அதை நன்மையாகவே கருதுகிறேன். பிடிக்காவிட்டால் அந்தக் கம்பியை எடுத்துவிடலாம். அத்தோடு 1950களின் வடிவங்களில் உள்ள 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், டோனைக் குறைத்தவுடன் ஒலியைக் கம்பளிக்குள் மூடியது போலாக்கும், 0.047 அல்லது 0.022 ஆக மாற்றினால் பித்தானின் முழு ஓட்டமும் பயன்படும்.

இரைச்சலைப் பொறுத்தவரை இரண்டு வகைகளைப் பிரிக்க வேண்டும். பிக்அப்கள் அமர்ந்த குழியில் செப்பு நாடா ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால் சீறும் ஒலி குறையும். டிரான்ஸ்ஃபார்மர்களின் காந்தப்புலத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் முழக்கம் அதனால் குறையாது. அதற்கு நடுப் பிக்அப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக இருக்க வேண்டும். அப்போது இரண்டாம், நான்காம் நிலைகளில் முழக்கம் ஒன்றையொன்று அழித்துவிடும். பழைமைக்கு முழுவதும் நேர்மையான மறுவெளியீடுகளில் இது இருக்காது. மின்வெட்டு நேரத்தில் மலிவான இன்வெர்ட்டர்களில் வாசிப்பவர்கள் கேட்கும் கடுமையான உறுமல், அவை தூய சைன் அலையைத் தராததால் எழுவது. கிட்டாரைப் பழிக்குமுன் தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டரிலோ நேரடி மின்சாரத்திலோ சோதியுங்கள்.

உதிரிப் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைப்பகுதியில் கம்பிகளை முறுக்கும் பழைய டியூனர்களுக்கான துளை சுமார் 8.7 மி.மீ.; புதிய வகைகளுக்கு 10 மி.மீ. வேண்டும். துளையைப் பெரிதாக்காமல் பொருந்தும் டியூனர்களையே வாங்குங்கள். பழைய பிரிட்ஜின் வெளித் திருகுகளுக்கு இடையிலான தொலைவு 56 மி.மீ., பல நவீன பிரிட்ஜ்களில் 52.5 மி.மீ.; அளக்காமல் வாங்கினால் பயனில்லை. சுருதி நிற்கவில்லை என்றால் டியூனரைவிட, தலைப்பகுதியருகே கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களே பெரும்பாலும் காரணம். சுருதி சேர்க்கும்போது ‘டிக்’ என்று ஒலித்தால் பென்சில் கிராஃபைட்டைப் பள்ளத்தில் தடவிப் பாருங்கள்.

மேடைக்குப் போகுமுன்

கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருப்பதால், ஆம்ப்ளிஃபயரின் எர்த் அறுந்திருந்தால் ஒலிவாங்கியில் உதடு படும் கணத்தில் மின்னதிர்ச்சி ஏற்படலாம். பந்தல் மேடைகளில் இது வெறும் பயமுறுத்தலன்று. கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒலிபெருக்கி மிக்சருக்கும் ஒரே மின்வாயிலிலிருந்து இணைப்பு எடுங்கள். பிளக்கின் மூன்றாம் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் உள்ள இணைப்பையே கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த ஆம்ப்ளிஃபயரை இங்குள்ள 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. வால்வு ஆம்ப்ளிஃபயரின் உட்புறத்தை, இணைப்பைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், பயிற்சியில்லாதவர்கள் திறக்க வேண்டாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒரே பாடல் பகுதியை, ஒரே கம்பிகளோடு, ஆம்ப்ளிஃபயரின் பித்தான்களை அசைக்காமல் கைபேசியில் பதிவுசெய்து, இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்திய பிறகே ஒப்பிடுங்கள். சற்று உரத்த ஒலியைக் காது தானாகவே சிறந்தது என்று எண்ணிக்கொள்ளும். எது எந்தப் பதிவு என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி ஒலிபரப்பச் சொல்வது இன்னும் நல்லது. வேறுபாடு கேட்கவில்லை என்றால் பழைய பாகத்தைத் திரும்பப் பொருத்துங்கள். கழற்றிய திருகு முதல் பிக்அப் வரை அனைத்தையும் சிறு பைகளில் இட்டு, எதிலிருந்து எடுத்தது என்று எழுதி, கிட்டாரின் பெட்டியிலேயே வைத்திருங்கள். பின்னாளில் விற்கும்போது மறுவெளியீட்டை வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தப் பைகளைத்தான்.